மாஸ்டடானா, ஃபேஸ்புக்கா? மதுரைக்காரர்களுக்கு எது சரி

மதுரையைச் சுற்றியுள்ள சமணர் மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, அங்குள்ள பழைய கல்வெட்டுகள் பற்றியெல்லாம் பேச எனக்குப் பிடித்த இடம் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம்தான். 2016-இல் தொடங்கியது, விளம்பரம் கிடையாது, நாம் பின்தொடர்கிறவர்களின் பதிவுகள் நேர வரிசையில் வரும், எதை மேலே தூக்கிக் காட்டுவது என்று அல்காரிதம் முடிவு செய்வதில்லை. மாங்குளத்தில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டில் ஓர் எழுத்தைப் பற்றிக் கேட்டால், சில நாள் கழித்துக்கூட யாராவது வந்து பொறுமையாகப் பதில் எழுதுவார்கள், வம்புக்கு இழுக்க மாட்டார்கள், அந்த நிதானம் எனக்கு ரொம்பவே தேவைப்படுகிறது.

ஃபேஸ்புக்கில் அதே கேள்வி மீம்களுக்கு நடுவே அரை நாளில் புதைந்துவிடும்.

ஆனால் ஊர் அங்கேதான் இருக்கிறது. 2024 கடைசியில் அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தபோது, மேலூர் வட்டாரம் முழுக்க விஷயம் வேகமாகப் போய்ச் சேர வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாகும்வரை நான் செய்தி பார்த்ததெல்லாம் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும்தான். மாஸ்டடானில் தமிழில் எழுதுகிறவர்களே குறைவு, அதில் மதுரைக்காரர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?

அப்புறம் இன்னொன்று. மாஸ்டடான் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை, ஒன்றோடொன்று இணைந்த பல சர்வர்கள்தான் அது; அவற்றில் பலவற்றை ஒரு தனி ஆளோ சிறு குழுவோ நடத்துகிறார்கள், பல இடங்களில் நன்கொடையை நம்பித்தான். அவர்கள் களைத்துப்போய் மூடிவிட்டால்? மூடுவதற்கு முன் வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்பவர்களைக் கூட்டிப் போகலாம், பழைய பதிவுகள் கூடவே வராது. அதனால் நீங்கள் எடுத்த கல்வெட்டுப் படங்களை அங்கே மட்டும் வைக்காதீர்கள், விக்கிப்பீடியாவின் பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸிலும் ஏற்றிவிடுங்கள்.