நின்றுபோன ஆல்டோவும் சத்துவாச்சாரி ஷெட்டும்

வேலூர் பக்கம் ரொம்ப வருஷம் ஓடாமல் நின்ற காரை யாரிடம் விடுவது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சத்துவாச்சாரியில் ஹைவே சர்வீஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஷெட். போர்டு கிடையாது, பாய் ஷெட் என்று கேட்டால் காட்டுவார்கள். எங்கள் மாமாவின் 2012 ஆல்டோவை ஓட வைத்தது அந்த ஷெட் மெக்கானிக் பாய்தான்.

மாமா மஸ்கட்டில் இருக்கிறார். 2020 கொரோனா நேரத்தில் குடியாத்தம் பக்கத்து ஊரில் கொட்டகைக்குள் நிறுத்திய வண்டி, அப்படியே நின்றுவிட்டது. முதலில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டபோது, வண்டியைப் பார்க்காமலேயே இன்ஜின் இறக்கணும், இல்லையென்றால் காயலான் கடைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

பாய் போனில் சொன்ன முதல் வார்த்தையே, "தம்பி, யாரும் செல்ஃப் அடிச்சுப் பாக்காதீங்க." இதற்காகவே அவருக்கு முழு மார்க் கொடுப்பேன். புது பேட்டரி மாட்டி உடனே சாவி திருப்புவதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் அத்தனை வருஷத்தில் சிலிண்டரில் இருந்த ஆயில் வழிந்து காய்ந்திருக்கும், பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும், டேங்கில் கெட்டுப்போன பெட்ரோல் நேராக இன்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இஞ்செக்டருக்குப் போய் அடைக்கும். கயிறு கட்டி இழுக்கவும் அவர் விடவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருந்ததால் பின் சக்கரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் மேலே ஏற்றிக்கொண்டு வரும் ரெக்கவரி வண்டியில்தான் கொண்டுவந்தோம்.

மூன்று ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டார். மறுநாள் கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். எங்கேயும் பிடிக்காமல் சுற்றியது! இன்ஜின் இறக்க வேண்டிய வேலையே இல்லை. அப்புறம் ஆயில், ஃபில்டர் மாற்றி, ப்ளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, டேஷ்போர்டில் ஆயில் லைட் அணைந்த பிறகுதான் மற்ற வேலைக்குப் போனார்.

டேங்கை இறக்கியபோது வந்த நாற்றம் பெட்ரோல் நாற்றமே இல்லை, பெயின்ட் கடை போல இருந்தது. அடியில் பழுப்பாகப் பிசின் படிந்து பம்ப் ஜாம் ஆகியிருந்தது. பம்ப்பை மாற்றி, இஞ்செக்டரைக் கழுவினார். ஃபியூயல் ஹோஸ் எல்லாவற்றையும் புதுசாகப் போட்டார், இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதற்குத் தாங்காது என்றார். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. கடித்த ஒயர்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்துச் சரி செய்தார், இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. டைமிங் பெல்ட் ஓடிய கிலோமீட்டர் குறைவுதான், இருந்தாலும் வயசாகிவிட்டது என்று மாற்றினார். வீல் சிலிண்டர், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் புதுசு.

டயரில் மட்டும் நான் வாதம் செய்தேன், பட்டன் நன்றாகவே இருந்ததே! பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணைக் காட்டினார். 1117, அதாவது 2017-ல் பதினொன்றாவது வாரம் செய்தது. ரப்பரை நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி, ஓரத்தில் மெல்லிசாக வெடிப்பு. கத்திரி வெயிலில் நம்ம ஹைவேயில் இதில் போக வேண்டாம் என்று நானும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

டயர், பேட்டரி தவிர்த்து பில் 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கழற்றிய பழைய பார்ட்ஸ் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கையில் கொடுத்தார், எதை ஏன் மாற்றினார் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிட்டு. இந்த நேர்மைக்குப் பணம் கொடுக்க மனசு வருகிறது.

குறை என்றால், சொன்ன தேதிக்கு வண்டி வராது, போனையும் பெரும்பாலும் எடுக்க மாட்டார், நேரில்தான் போய் நிற்கணும். ஏசி ரிப்பேர் வேலையை அவர் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டியிருக்கும். இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட் நம்ம பொறுப்பு. பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டியிருந்தால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும், புது பாலிசி போடும் முன் கம்பெனி வண்டியைப் பரிசோதிக்கச் சொல்லும். அதற்கும் நாள் ஒதுக்கிக்கொண்டு, பாலிசி கைக்கு வந்த பிறகே வண்டியை ரோட்டில் இறக்குங்கள்.