டாபிக், தீசிஸ், தீம் எல்லாம் ஒண்ணா? ஒரு எஸ்ஸே ரைட்டிங் கோர்ஸ் ரிவ்யூ

ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் டெஸ்ட் எழுதப் போறவங்களுக்கும் காலேஜ்ல லிட்ரேச்சர் படிக்கிறவங்களுக்கும் சேர்த்து விக்கிற ஒரு வீடியோ கோர்ஸ், பேர் வேண்டாம், முழுசா பார்த்து முடிச்சாச்சு. எஸ்ஸே பத்திப் பேசும்போது ஒரே மாதிரி காதுல விழுற வார்த்தைங்களைப் பிரிச்சுக் காட்டுறதுதான் இதோட வேலையே. முதல் பாதி அட்டகாசம், பின் பாதி சொதப்பல்.

டாபிக், தீசிஸ் வித்தியாசத்துக்கு அவங்க வைக்கிற டெஸ்ட் ஒண்ணுதான், அந்த வரியைக் கேட்டு யாராவது "அதெப்படி?"ன்னு மல்லுக்கு நிக்க முடியுமான்னு பாரு. "ஸ்கூல்ல மொபைல்"னா அதுல மறுக்க என்ன இருக்கு, அது வெறும் டாபிக். "ஸ்கூல்ல மொபைலைத் தடை பண்றதை விட அளவா யூஸ் பண்ணக் கத்துக்குடுக்கிறதுதான் நல்லது"ன்னு சொல்லிப் பாருங்க, உடனே ஆள் கிளம்பி வரும், அது தீசிஸ். அந்த தீசிஸுக்குக் காரணம், ஆதாரம்னு அடுக்கிக்கிட்டே போறது ஆர்க்யுமென்ட். இவ்ளோதான் விஷயம், இதைப் போய் பக்கம் பக்கமா விளக்குற புக்கெல்லாம் இருக்கு.

காசு குடுத்ததுக்கு வொர்த்னா கோஹியரன்ஸ், கோஹீஷன் வீடியோதான். ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்ல மார்க் போடுற 4 அம்சத்துல இந்த ரெண்டும் சேர்ந்து ஒண்ணு, 25 சதவீதம், சேர்த்தே சொல்றதால நிறைய பேர் ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சுக்கிறாங்க. ஸ்க்ரீன்ல ஒரு பாரா போடுறாங்க: "என் ஃப்ரெண்டு பைக் வாங்கினான். பைக்குக்கு ரெண்டு சக்கரம். சக்கரம் பழங்காலத்துலயே இருந்துச்சு. பழங்காலத்துல ராஜாக்கள் ஆண்டாங்க." ஒவ்வொரு வரியும் முன்னாடி வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகுது, அதனால கோஹீஷன் இருக்கு, ஆனா பாரா எங்க போகுதுன்னு எழுதினவனுக்கே தெரியாது, கோஹியரன்ஸ் சுத்தமா இல்ல. வரிக்கு வரி மோர்ஓவர், ஃபர்தர்மோர்னு போட்டுத் தள்ற கோஷ்டி இந்த ஒரு வீடியோவையாவது பார்க்கணும்.

பின் பாதியில ஒரு ஸ்லைடுல தீமும் தீசிஸும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு போட்டிருக்காங்க பாருங்க, அங்கதான் கடுப்பு. தீம் கதைக்குள்ள இருக்கிறது, "பொறாமை கடைசியில பொறாமைப்பட்டவனையே அழிக்கும்" மாதிரி. அந்தக் கதையை வச்சு நீங்க என்ன நிரூபிக்கப் போறீங்கங்கிறது தீசிஸ். "இந்தக் கதையில பொறாமையை வசனத்தை விட மௌனத்துலதான் ஆசிரியர் காட்டுறார்"னு எழுதினா அது உங்களோட கருத்து, கதையோடது இல்ல. லிட்ரேச்சர் ஸ்டூடண்ட் இதுல கோட்டை விட்டா மொத்த எஸ்ஸேயும் கதைச்சுருக்கமா போயிடும்.

அதே மாதிரி தீசிஸ்னா பிஎச்டிக்கு எழுதுற பெரிய ஆய்வும்தானே, அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பிரிட்டன்ல பொதுவா பிஎச்டிக்கு தீசிஸ், மாஸ்டர்ஸுக்கு டிசர்டேஷன், அமெரிக்காவுல அப்படியே தலைகீழ். புதுசா வர்றவங்க கூகுள் பண்ணா குழம்பத்தான் செய்வாங்க.

குவிஸ் வேஸ்ட், எல்லாமே டெஃபனிஷன் மனப்பாடம். ஒரு பாராவைக் குடுத்து இதுல தீசிஸ் எந்த வரின்னு கேட்டிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும். தப்பான ஸ்லைடைச் சொல்லி மெயில் போட்டேன், "உங்க கருத்துக்கு நன்றி"ன்னு ஆட்டோ ரிப்ளை வந்துச்சு, ஸ்லைடு அப்படியேதான் இருக்கு.

ஐஇஎல்டிஎஸ் ஆளுங்க தாராளமா வாங்கலாம், லிட்ரேச்சர் ஸ்டூடண்ட்ஸ் ஃப்ரீ டெமோவோட நிறுத்திக்கோங்க. 5க்கு 3.