வேலைவாய்ப்பு ஏஜென்சி, ஜூரோங் ஈஸ்ட், சிங்கப்பூர்: நம்பிப் போகலாம்

கணக்கு வேலைக்காக இங்கே பதிந்திருந்தேன். கவுண்டரில் இருந்த அக்காவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எனக்குப் பொருத்தமான ஒரு வேலையில் ‘ஆங்கிலம், மாண்டரின் இரண்டும் கட்டாயம்’ என்று போட்டிருந்தார்கள். அவர் என் எதிரிலேயே அந்த கம்பெனிக்குப் போன் போட்டு, “இன்வாய்ஸ் போடுற வேலைக்கு மாண்டரின் எதுக்கு?” என்று கேட்டார். சப்ளையர்கள் சிலர் சீனத்தில் பேசுவார்களாம். “அந்த போனை வேற ஒருத்தர் எடுக்கட்டுமே” என்றார் அக்கா. நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், இன்டர்வியூவும் கிடைத்தது.

அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து வகுத்த சிங்கப்பூரின் முத்தரப்பு வழிகாட்டி நெறிகளும் இதைத்தான் சொல்கின்றன: ஒரு மொழி வேண்டுமென்றால், வேலைக்கு அது ஏன் தேவை என்று காட்ட வேண்டும். சீனப் பயணிகளை அழைத்துப்போகும் வழிகாட்டிக்கு மாண்டரின் கேட்பது நியாயம்தான். 2025 ஜனவரியில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டத்திலும் மொழிப் பாகுபாட்டைத் தடுக்கும் விதி இருக்கிறது. ஆனால் 25 பேருக்கும் குறைவான ஊழியர் உள்ள கம்பெனிகளுக்கு இப்போதைக்கு விலக்கு. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

குறை என்றால், வாட்ஸ்அப்பில் பதில் வரத் தாமதமாகிறது. நேரில் போங்கள், மதிய உணவு நேரத்தைத் தவிர்த்து.