விழுந்த அம்மா எங்கே தேறுவார்: வேலூர் வீடா, சென்னை பிளாட்டா?

இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, டிஸ்சார்ஜ் நாள் நெருங்கும்போது வேலூர்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழும். "நீ தனியா இருந்தது போதும், எங்ககூட வந்துடும்மா" என்பான் சென்னையில் இருக்கும் மகன். அம்மாவோ வேலப்பாடி வீட்டை விட்டு அசைய மாட்டார். இரண்டு பக்கமும் பாசம்தான். ஆனால் கால் தேற எது உதவும் என்று பார்த்தால், என் ஓட்டு அம்மாவுக்கே, சில நிபந்தனைகளோடு.

பிளாட்டில் லிஃப்ட் உண்டு, தரை சமதளம், வெஸ்டர்ன் டாய்லெட், ராத்திரி கூப்பிட்ட குரலுக்கு மகன். முதல் சில வாரங்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயம். சிக்கல் பகலில். காபி கைக்கு வரும், தட்டு மடிக்கு வரும். "நீங்க எழுந்திரிக்காதீங்க அத்தை" என்று மருமகள் அன்பாகத்தான் சொல்வாள். ஆனால் வயதானவர்களுக்கு நடக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொடைச் சதை கரையும். அப்புறம், ஆபரேஷனுக்குப் பின் முதியவர்களுக்குச் சில நாள் நினைவு தடுமாறுவது சகஜம். புது இடம் என்றால் அது கூடும். நள்ளிரவில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தேடும்போது மறுபடி விழுகிறார்கள்.

சொந்த வீட்டில் இருட்டிலும் கை தானாக சுவிட்சுக்குப் போகும். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார். பூக்காரி குரல் கேட்டால் வாக்கரோடு வாசல்வரை போக ஒரு காரணம் இருக்கும். "பத்தடி நடங்கம்மா" என்று பிசியோதெரபிஸ்ட் கெஞ்சுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

ஆனால் பழைய வீடு அப்படியே இருந்தால் அதுவே ஆபத்து. நிலைப்படி தடுக்கும், துணி துவைக்கும் கல்லைச் சுற்றிப் பாசி, தோட்டத்துப் பக்கம் குந்தி உட்காரும் கக்கூஸ். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் குந்தவே கூடாது, தாழ்வான நாற்காலியும் ஆகாது. கமோடு வைக்க வேண்டும். பக்கத்துச் சுவரில் துளையிட்டு ஸ்டீல் கைப்பிடி பதிக்க வேண்டும். டவல் கம்பி ஆள் எடையைத் தாங்காது. வாக்கர் வாங்கும் முன் பாத்ரூம் கதவின் அகலத்தை டேப்பால் அளந்துவிடுங்கள், பழைய வீடுகளில் அது நுழையாமல் போகும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் வாக்கரின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் வர வேண்டும்.

வேலூர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். அடிக்கடி பாத்ரூம் போக பயந்து முதியவர்கள் தண்ணீரைக் குறைப்பார்கள். பிபி மாத்திரையும் சேர்ந்தால், எழுந்ததும் தலை சுற்றும். கட்டிலில் சற்று உட்கார்ந்து பிறகு எழப் பழக்குங்கள், மாத்திரைகளை டாக்டரிடம் காட்டிச் சரிபாருங்கள். இது எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

தலையிலோ முதுகுத்தண்டிலோ அடிபட்டிருந்தால் கதை வேறு. அதற்கு வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் பாகாயம் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1954 விபத்தில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆபரேஷன் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் பெயர் தாங்கியது, 1966இல் தொடங்கியது. சாதாரண இடுப்பு முறிவுக்குப் பெரும்பாலும் வீட்டுப் பயிற்சியே போதும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

என் நிபந்தனை முக்கியமாக ஒன்று: ராத்திரி கூடப் படுக்க ஒரு ஆள். அதற்கு வழியில்லை என்றாலோ, விழுவதற்கு முன்பே மறதி தொடங்கியிருந்தாலோ சென்னைதான் சரி. அங்கேயும் காய் நறுக்குவது, துணி மடிப்பது என்று அம்மாவுக்கு வேலை இருக்கட்டும். எப்போது ஊர் திரும்பலாம் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். வேலூர் என்று முடிவானால், ஆள் சம்பளத்தை அண்ணன் தங்கைகள் பங்கிட்டுக்கொண்டு, டிஸ்சார்ஜுக்கு முன்பே கொத்தனாரை வரச் சொல்லுங்கள்.