க்ளான் சென்டார் நகல்: நாலு வருஷம் மிதித்த பிறகு

2021 ஊரடங்கில் செய்து முடித்த கிட்டார் பெடல் இது, கிட்டார் சத்தத்தை ஏற்றவும் கரகரப்பாக்கவும் காலால் மிதிக்கிற டப்பா. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சர்ச்சில், இடையிடையே வரும் கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளில் என்று என் காலடியிலேயே கிடக்கிறது. செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டயோடு தேடுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது ஜாக்கிலும் ஸ்விட்சிலும் காட்டுங்கள். செய்து முடித்த பிறகு உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு ஒரு தடவைகூடத் தொல்லை தரவில்லை. கையும் காலும் படுகிற இடங்கள்தான் தந்தன.

ஒரிஜினல் சென்டார், அமெரிக்காவில் பில் ஃபினிகன் 1994 கடைசியில் விற்க ஆரம்பித்த பெடல். சுமார் 8,000 செய்துவிட்டு நிறுத்திவிட்டார். யாரும் பார்த்து எழுதிக்கொள்ளக் கூடாதென்று போர்டு மேல் எபாக்ஸிப் பசையை ஊற்றி மூடியிருப்பார். ஆர்வலர்கள் அதைச் சுரண்டியெடுத்துத்தான் சர்க்யூட்டை வரைந்தார்கள். இன்று பழைய சென்டார் ஒன்று சில லட்ச ரூபாய். எனக்கு டப்பாவோடு சேர்த்து 2,600 ஆனது.

உள்ளே இரண்டு டிஎல்072, சிக்னலைப் பெருக்கும் ஐசி. முதலாவது சாதாரண 9 வோல்ட்டில் ஓடும். இரண்டாவதுக்கு ஒரு சார்ஜ் பம்ப் ஐசி அதே 9 வோல்ட்டை ஒரு பக்கம் 18 ஆகவும் மறுபக்கம் மைனஸ் 9 ஆகவும் மாற்றித் தரும். அந்த 27 வோல்ட் இடம் இருப்பதால்தான் எவ்வளவு பலமாக அடித்தாலும் நோட்டு நசுங்குவதில்லை. கெயினுக்கு, அதாவது கரகரப்பின் அளவுக்கு, ஒரே தண்டில் இரட்டை 100கே பாட் (திருகும் குமிழ்). திருகத் திருகக் கரகரப்பு ஏறும், சுத்தமான சத்தம் பின்வாங்கும். குமிழைக் கடிகார முள்ளாக நினைத்தால், நான் 9 மணியைத் தாண்டுவதே அபூர்வம். கெயினைக் குறைத்து, அவுட்புட்டை ஏற்றி, டியூப் ஆம்ப்பை முன்னால் தள்ளுவதுதான் இதன் வேலை. முதல் ஞாயிறே மிக்சரில் இருந்த அண்ணன், “தம்பி, இன்னிக்குத்தான் கிட்டார் வெளியே கேக்குது, என்ன பண்ணுனீங்க?” என்றார். ஃபேடரை அவர் தொடவே இல்லை.

ஆனால் அந்த ஞாயிறுக்கு முன்னால் மூன்று வாரம் போராட்டம். சார்ஜ் பம்ப்புக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்த ஐசிஎல்7660-ஐ மாட்டினேன், ‘எஸ்’ இல்லாதது. காதோரம் கொசு மாதிரி ஒரு கீச்சொலி. அதன் ஆசிலேட்டர் 10 கிலோஹெர்ட்ஸ், கேட்காமல் என்ன செய்யும்? 7660எஸ் வாங்கி 1-ஆம் காலை 8-ஆம் காலோடு சேர்த்ததும் என் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அப்புறமும் சத்தம் அமுங்கியே வந்தது. மல்டிமீட்டரை இரண்டாவது டிஎல்072-வின் 4-ஆம் காலில் வைத்தால் மைனஸ் 3 காட்டுகிறது, மைனஸ் 9 பக்கம் இருக்க வேண்டியது. மைனஸ் லைனில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பழக்க தோஷத்தில் திருப்பி வைத்திருந்தேன். தொட்டால் சுட்டது, தலை லேசாக உப்பியிருந்தது.

கரகரப்பை உண்டாக்கும் ஜெர்மானியம் டயோடுக்கு எல்லாரும் உயிரை விடுகிறார்கள். ஆன்லைனில் 1என்34ஏ என்ற ஜெர்மானியம் டயோடாகச் சொல்லி வாங்கியதில் பத்துக்கு ஆறு ஜெர்மானியமே இல்லை. கண்ணாடிக்குள் மயிரிழை போல ஒரு கம்பி தெரிய வேண்டும், அந்த ஆறில் எதுவும் தெரியவில்லை. ஒரு சின்ன ஸ்விட்ச் போட்டு, நல்ல ஜெர்மானியத்தையும் பேட்46 என்ற ஷாட்கி வகை டயோடையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். கெயின் 9 மணியில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. 2 மணிக்கு மேல் ஜெர்மானியம் ஓரம் கொஞ்சம் மழுங்கினாற்போல, அவ்வளவுதான். அதற்காக இவ்வளவு அலைய வேண்டியதில்லை என்பது என் தீர்ப்பு.

அலைய வேண்டியது கரண்ட் ஒயர் செருகும் டிசி ஜாக்குக்கு. கையில் கிடந்த 15 ரூபாய் ஜாக்கைப் போட்டேன். ஒரு வருஷத்தில் உள்ளிருக்கும் தகடு தளர்ந்துவிட்டது. கிறிஸ்துமஸ் ஆராதனை, இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டார் மொத்தமாக நின்றுபோனது. பெடலை ஆஃப் செய்தேன், அப்போதும் சத்தமில்லை. இது ட்ரூ பைபாஸ் அல்ல, அதாவது ஆஃப் செய்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகிற வகை அல்ல. ஆஃபில் இருந்தாலும் சிக்னல் பஃபர் என்ற, கரண்டில் ஓடும் பகுதி வழியாகத்தான் போகும், கரண்ட் போனால் எல்லாமே போகும். தெரிந்த விஷயம்தான், அந்த நிமிஷத்தில் மூளைக்கு வரவில்லை. கீபோர்டு அண்ணன் ஒரு சரணம் முழுக்கத் தனியாக இழுத்துச் சமாளிக்க, நான் குனிந்து ஒயரைப் பிடுங்கி நேராக ஆம்ப்பில் செருகினேன். மறுநாளே டிசி ஜாக்கும், கிட்டார் ஜாக் இரண்டும் நட்டு போட்டு இறுக்கும் உலோக வகைக்கு மாறின.

இரண்டாம் வருஷம் காலால் மிதிக்கும் 3பிடிடி ஸ்விட்ச் போனது. அது என் கைத் தப்பு. ஸ்விட்சின் ஒரே காலில் சால்டரிங் அயர்னை அதிக நேரம் வைத்து உள்ளே பிளாஸ்டிக்கை இளக்கியிருந்தேன். புதியதற்கு ஒரு காலுக்கு ஈயம் வைத்ததும் எதிர்ப்பக்கக் காலுக்குப் போய், நடுவில் ஆறவிட்டு வைத்தேன். இன்று வரை கிளிக் மாறவில்லை.

மே மாதம் மொட்டைமாடிக் கச்சேரியில் சூடு ஏறினால் டயோடு குணம் மாறிவிடுமோ என்று பயந்தேன். காதுக்கு எதுவும் தெரியவில்லை. கடல் காற்றுக்கு மட்டும் அவுட்புட் பாட் கரகரக்க ஆரம்பித்திருக்கிறது, கிளீனர் அடித்தால் ஒரு மாதம் தாங்குகிறது. தூசி புகாத மூடிய 10கே பாட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ரிகர்சலுக்கு முன்னால் மாற்ற வேண்டும்.