டீலக்ஸ் ரிவெர்ப், மேட்ச்லெஸ், மார்க் ஃபைவ்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

ஃபெண்டரின் கைவயரிங் செய்த '64 கஸ்டம் டீலக்ஸ் ரிவெர்ப், மேட்ச்லெஸ் டிசி-30, மீசா பூகி மார்க் ஃபைவ். வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் இந்த மூன்று வால்வு ஆம்ப்களையும் பல வருடமாக மாற்றி மாற்றி வாசித்து வருகிறேன். விலை உயர்ந்த ஆம்ப் வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, உள்ளே பாகங்களைக் கையால் வயரிங் செய்தால் டோன் (ஒலியின் தன்மை) நிஜமாகவே மேம்படுமா என்பதுதான். மேம்படுவதில்லை என்பதே என் அனுபவம். ஆனால் பழுது பார்ப்பதிலும் ஆயுளிலும் அது பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

முதலில் டோன். டீலக்ஸ் ரிவெர்பில் இரண்டு 6வி6 வால்வுகள், சுமார் 20 வாட், பன்னிரண்டு அங்குல ஜென்சன் ஸ்பீக்கர் ஒன்று. அதன் பேனலில் உச்ச ஒலிக்கு ட்ரெபிளும் அடிஒலிக்கு பேஸும் மட்டும்தான், நடு ஒலிக்கான மிட் குமிழே கிடையாது. உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர் மிட் அளவை நிரந்தரமாகக் கட்டிவைத்திருக்கிறது. ஃபெண்டருக்கே உரிய அந்தப் பள்ளம் விழுந்த நடுப்பகுதி இதனால் வருவதுதான். சிங்கிள் காயில் பிக்அப் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிட்டாரில் தனியாக வாசிக்கும்போது இதைவிட அழகான க்ளீன் (உடையாத, தெளிவான) ஒலியை நான் கேட்டதில்லை. மேலே ஸ்ப்ரிங் ரிவெர்பும் (ஸ்ப்ரிங்குகள் தரும் எதிரொலி) சேர்ந்தால் வாசிப்பை நிறுத்தவே மனம் வராது. ஆனால் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் கூடியதும் அதே ஒலி கொஞ்சம் மெலிந்துவிடுகிறது. கூட்டு வாசிப்பில் கிட்டாருக்கு இடம் பிடித்துத் தருவது மிட்தான். அதைத்தானே இந்த சர்க்யூட் குறைத்து வைத்திருக்கிறது!

டிசி-30 அங்கேதான் தன் பலத்தைக் காட்டும். இது வாக்ஸ் ஏசி30 வழிவந்தது: நான்கு இஎல்84 வால்வுகள், கேதோட் பயாஸ் (வால்வின் வேலைநிலை தானாகவே அமையும் முறை), 30 வாட். பவர் பகுதியில் நெகடிவ் ஃபீட்பேக் கிடையாது. டீலக்ஸில் வெளியீட்டின் ஒரு பங்கு பின்னால் திரும்பி வந்து ஒலியை இறுக்கிப் பிடித்திருக்கும், இதில் அந்தக் கடிவாளம் இல்லை. அதனால் விரல் அழுத்தத்தின் சின்ன மாற்றம்கூட உடனே வெளியே வருகிறது. ஓவர்டிரைவில் (ஆம்பை அதன் எல்லைக்கு மேல் தள்ளி ஒலியை உடைக்கும்போது) ஐந்தாறு சுரங்கள் கொண்ட கார்டு அடித்தாலும் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகக் கேட்கலாம். கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் போதும், பெடல் எதையும் தொடாமலே ஒலி துலங்கிவிடும். தடுமாறி வாசித்தால் அதையும் ஒளிக்காமல் காட்டும். எனக்கு இந்த ஆம்ப் மீது இருக்கும் மரியாதைக்கு முதல் காரணம் அதுதான்.

அதன் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே ரகம் அல்ல. ஒன்று செலஷன் ஜி12எம் வகை, நடுப்பகுதி மென்மையாக இருக்கும். மற்றது ஜி12எச், அடிஒலி இறுக்கமாகவும் மேல்மிட் கூர்மையாகவும் வரும். மைக்கை எந்த ஸ்பீக்கர் முன்னால் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதிவே மாறிவிடும். இரண்டாவது சானலில் இருக்கும் இஎஃப்86 என்ற பென்டோட் (ஐந்து மின்முனை) வால்வு கனமான, தடித்த ஒலி தருவது. ஆனால் அதிர்வைப் பொறுக்காத வால்வு அது; ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்போது தரமான வால்வாகப் பார்த்துப் போட வேண்டும்.

மார்க் ஃபைவ் வேறு உலகம். ராண்டால் ஸ்மித் 1970களில் தொடங்கிய அடுக்கு கெயின் முறையின் (சிக்னலை ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிலைகளில் பெருக்குவது) வாரிசு. நான்கு 6எல்6, மூன்று சானல்கள், ஒவ்வொன்றுக்கும் 10, 45, 90 வாட் தேர்வு. இதன் லீட் (தனி மெட்டு வாசிக்கும்) சானலில் டோன் குமிழ்கள் கெயின் நிலைகளுக்கு முன்னால் வருகின்றன. ஆகவே பேஸை ஏற்றினால் டிஸ்டார்ஷனுக்குள் அந்தக் கனம் போய்க் குழம்பிவிடும். பேஸைக் குறைத்து வைத்து, பின்னால் வரும் ஐந்து பட்டை ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் சறுக்குக் குமிழ்கள்) 80 ஹெர்ட்ஸைத் தூக்கி, 750 ஹெர்ட்ஸை இறக்க வேண்டும். இந்த வழி பிடிபட்டால் லீட் வாசிப்பில் சுரம் பட்டுப்போல நீளும். 90 வாட் என்றதும் சத்தம் நான்கு மடங்கு என்று நினைக்க வேண்டாம். 20 வாட்டுக்கும் 90 வாட்டுக்கும் இடைவெளி சுமார் 6.5 டெசிபெல்தான். கிடைப்பது ஹெட்ரூம், அதாவது உடையாத க்ளீன்.

மூன்றையும் ஒரே 8 ஓம் கேபினட்டில் (ஸ்பீக்கர் பெட்டி) இணைத்து மாறி மாறிக் கேட்டதில் வித்தியாசங்கள் வெகுவாகக் குறைந்தன. ஸ்பீக்கருக்கும் கேபினட்டுக்கும் டோனில் இருக்கும் பங்கை அன்றுதான் முழுசாக உணர்ந்தேன். மிச்சமிருந்த வித்தியாசம் ஃபீட்பேக், டோன் சர்க்யூட், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றால் வந்தது. வயரிங் முறை என்று தனியாகக் காதில் விழுந்தது எதுவும் இல்லை. (இப்படிச் சோதிப்பவர்கள் ஓம் பொருத்தத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகக்கூடும்.)

கட்டுமானத்தில் எல்லாவற்றுக்கும் எதிரி சூடு. என்னிடம் முன்பு இருந்த வேறொரு ஆம்பில் வால்வு சாக்கெட்டுகள் நேரடியாக சர்க்யூட் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இணைப்புகள் விரிந்து சுருங்கி, கடைசியில் மயிரிழை விரிசல் விட்டன. அரை மணி நேரம் ஓடியதும் ஒலி விட்டு விட்டு வரும், ஆறவைத்தால் சரியாகிவிடும். விலையில் அதுவும் குறைந்த ஆம்ப் இல்லை.

அதற்காக பி.சி.பி. (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) என்றாலே மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். தடித்த போர்டு, அகலமான செம்புத் தடம், சூடாகும் பாகங்களுக்கு இடைவெளி என்று யோசித்துச் செய்திருந்தால் அது பல்லாண்டு உழைக்கும். மார்க் ஃபைவ் போன்ற சிக்கலான ஸ்விட்ச்சிங்கை கைவயரிங்கில் செய்ய நினைப்பதே வீண். டிசி-30இல் பாகங்கள் முனைக்கு முனை நேரடியாக இணைக்கப்பட்டிருக்கின்றன. டீலக்ஸில் ஐலெட் போர்டு (சிறு உலோக வளையங்களில் பாகங்களைக் கையால் சால்டர் செய்யும் பலகை). இரண்டிலும் பின்பக்கத்தைத் திறந்தால் ஒரு ரெசிஸ்டரை மாற்றச் சில நிமிடம் போதும், மற்ற எதையும் கழற்ற வேண்டியதில்லை. கைவயரிங்குக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்றால் இந்த வசதிக்காகத்தான்.

தூக்கிச் செல்வதையும் சொல்லியாக வேண்டும். டீலக்ஸ் இருபது கிலோவுக்குள் அடங்கும். டிசி-30 முப்பதைத் தாண்டும், படியேற இரண்டு பேர் வேண்டும். வெளியே வாசிக்கப் போகும்போது பெரும்பாலும் டீலக்ஸைத்தான் எடுத்துப் போகிறேன். மிட் குறையை ஒரு ஓவர்டிரைவ் பெடல் ஓரளவு ஈடுகட்டுகிறது. ரெக்கார்டிங்குக்கு டிசி-30, நீண்ட லீட் வேண்டிய இடத்தில் மார்க்.

பழைய ஆம்ப் வாங்குபவர்கள் குறைந்தது ஒரு மணி நேரமாவது சத்தமாக ஓடவிட்டுக் கேளுங்கள். சூடான பிறகு ஒவ்வொரு குமிழையும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், ப்ரீஆம்ப் வால்வுகளைப் பென்சிலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கரகரப்போ மணிச்சத்தமோ வந்தால் காரணம் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். கிட்டாரைக் கழற்றிய பின்னும் அடியில் ஒரு ஹம் நீடித்தால் ஃபில்டர் கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சீராக்கித் தேக்கும் பாகங்கள்) காய்ந்திருக்கலாம். பதினைந்து, இருபது வருடம் ஆன எந்த ஆம்பிலும் அவற்றை மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள். ஆனால் நீங்களாகத் திறக்க வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்; தெரிந்த டெக்னீஷியன் கையில் கொடுத்துவிடுங்கள்.