புது ஷேடு என்று கூப்பிட்டால் முதலில் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள்

நகத்துக்குக் கலர் அடிப்பதில் ஏமாற்ற என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. சலூன் பெயரைப் போடப் போவதில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன், இதே வித்தையை வேறு எங்கே பார்த்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

விளம்பரம் பிரமாதமாக இருந்தது. இந்த சீசன் கேட் ஐ ஷேடுகள் எல்லாம் வந்துவிட்டன, கம்பெனி பாட்டில்தான் பயன்படுத்துகிறோம், ‘10 ஃப்ரீ’ பாலிஷ் (பத்து ரசாயனங்கள் இல்லாததாம்), மூன்று வாரத்துக்கு அசையாது. கேட் ஐ தெரியாதவர்களுக்கு: பாலிஷுக்குள் இரும்புச் சத்துள்ள நுண்ணிய துகள்கள் இருக்கும். ஈரமாக இருக்கும்போது மேலே ஒரு காந்தத்தைப் பிடித்தால் துகள்கள் ஒரு பக்கமாக வரிசை கட்டி, பூனைக் கண்ணில் விழும் வெளிச்சக் கோடு மாதிரி ஒரு பளபளப்பு வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. வளையத்தில் கோர்த்த பிளாஸ்டிக் நகங்களைக் காட்டினார்கள். அடர் பச்சை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தப் பெண் எடுத்து வந்த பாட்டிலில் லேபிள் பாதி தேய்ந்து போயிருந்தது. மூடி ஒரு கம்பெனி, பாட்டில் இன்னொரு கம்பெனி. கழுத்தைச் சுற்றிப் பழைய சிவப்பு பாலிஷ் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. பச்சை பாட்டிலில் சிவப்பு எப்படி வந்தது என்று கேட்டேன். “ரீஃபில் மேடம், உள்ள அதே கம்பெனிதான்” என்றாள். இந்த ஒரு பதிலில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. பெரிய டப்பாவில் மலிவாக வாங்கிய ஜெல்லை, பெயர் பெற்ற கம்பெனியின் காலி பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்கிறார்கள். கம்பெனி பாலிஷுக்கான காசு நம்மிடம் வாங்கப்படுகிறது, நகத்தில் ஏறுவது என்ன சரக்கு என்று போடுகிறவருக்கே தெரியாது. அதில் என்னென்ன கலந்திருக்கிறது, எப்போது திறந்தது, எந்த லேம்ப்பில் எவ்வளவு நேரம் காட்ட வேண்டும், எல்லாமே அந்த லேபிளோடு போய்விட்டது.

லேம்ப் விஷயம் ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விளக்குகிறேன். சாதாரண நெயில் பாலிஷ் காற்றில் காயும். அதிலுள்ள எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாகிப் போக, மிச்சமிருக்கும் படலம் கெட்டியாகிறது. ஜெல் அப்படியில்லை. நாள் முழுக்க வெறும் காற்றில் வைத்தாலும் பிசுபிசு என்றுதான் இருக்கும். லேம்ப்பின் புற ஊதா வெளிச்சம் பட்டால்தான் அதிலுள்ள சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு இறுகும். வெளிச்சம் போதவில்லை என்றால் மேலே மட்டும் இறுகி, அடியில் இறுகாமலே நிற்கும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அடர்ந்த நிறங்களும் உலோகத் துகள் கலந்த ஷேடுகளும் வெளிச்சத்தை உள்ளே விடாமல் தடுக்கும், அதனால் அவற்றை ரொம்ப மெல்லிசாகப் பல பூச்சாகப் போட்டு, ஒவ்வொரு பூச்சையும் முழு நேரம் காட்ட வேண்டும். ஆக, கண்ணைப் பறிக்கிற புதுக் கலர்கள்தான் அரைகுறையாகப் போட்டால் அதிகம் சொதப்பக்கூடியவை.

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். வெளிச்சக் கோடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரே பூச்சாக, தடியாக வைத்தாள். பாலிஷ் ஓரத்தில் வழிந்து நகக்கண்ணைத் தாண்டித் தோலில் ஏறியது. துடைக்கவில்லை. கையை லேம்ப்புக்குள் வைத்ததும் சுரீர் என்று ஒரு சூடு. இறுகும்போது வெப்பம் வெளிப்படும், அது இயல்புதான். ஆனால் தடியாகப் போட்டால் அந்தச் சூடு தாங்க முடியாத அளவுக்கு ஏறும். கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் அடுத்த கஸ்டமர் காத்திருந்தார். “போதும் மேடம், ஆயிடுச்சு” என்று டாப் கோட் போட்டு அனுப்பிவிட்டாள். சுவரில் ‘10 ஃப்ரீ’ என்று பெரிதாக ஒரு படம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பத்து என்னென்ன என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஃபார்மால்டிஹைடு, டொலுயீன், டைபியூட்டில் தாலேட் ஆகிய மூன்றும் இல்லை என்று சொல்வதில் ஆரம்பித்த வழக்கம் இது. எண் கூடக் கூடப் பட்டியல் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. லேபிளே இல்லாத பாட்டிலுக்கு அது நூறு ஃப்ரீயாக இருந்தால்தான் என்ன.

மூன்று வாரம் அசையாது என்றார்கள் அல்லவா, அந்த வாரமே நுனியில் தூக்கிக்கொண்டது. அது போனால் போகட்டும். நகத்தைச் சுற்றி அரிக்க ஆரம்பித்தது. முதலில் வறட்சி என்று நினைத்து எண்ணெய் தடவினேன். பிறகு விரல் நுனியில் கடுகு கடுகாகக் கொப்புளம், அது அடங்கும்போது தோல் உரிதல். கண்ணிமையும் லேசாக வீங்கியது. நகத்தில் போட்டதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது புரியவில்லை.

கழற்றச் சொல்லி அதே சலூனுக்குப் போனேன். இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பாலிஷைவிட அதை எடுக்கிற விதத்தில்தான் நகம் அதிகம் நாசமாகிறது. முறையாகச் செய்தால், மேல் பூச்சை லேசாக அரம் போட்டுவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, ஃபாயிலால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். ஜெல் தானாகவே நெகிழ்ந்து சுருங்கும். மரக்குச்சியால் தள்ளினால் வந்துவிடும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊற வைக்க வேண்டும், அவ்வளவுதான். இவர்கள் ஊற வைக்கவே இல்லை. தூக்கியிருந்த நுனிக்கு அடியில் இரும்புப் புஷரைச் செருகி நெம்பினாள். பட்டென்று ஒரு சத்தம். பச்சைத் துண்டு தனியாக வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் வெள்ளையாக ஒரு மெல்லிய ஏடு ஒட்டியிருந்தது. அது என் நகம். நகம் அடுக்கடுக்காக இருக்கும், ஜெல்லைப் பிய்த்தால் மேல் அடுக்கும் கூடவே வரும். மிச்சத்தை டிரில்லால் தேய்த்தாள். எரிகிறது என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. நகத்தின் நடுவில் சிவப்பாக ஒரு வளைவு தெரிய ஆரம்பித்த பிறகுதான் கையை விட்டாள். அந்தச் சிவப்பு வளைவு தெரிந்தால், தேய்க்கக் கூடாத ஆழம் வரை தேய்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பில்லில் கழற்றியதற்குத் தனியாக, ‘நெயில் டிரீட்மென்ட்’ என்று தனியாக, கேட்காமலே பையில் வைத்த கியூட்டிகிள் ஆயிலுக்குத் தனியாகப் போட்டிருந்தார்கள். ஆயில் பாட்டிலில் சலூன் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. எதில் செய்தது, எப்போது செய்தது, ஒன்றும் இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டுக்கும் காசு வாங்காமல் விடவில்லை.

உரிமையாளரிடம் பேசினேன். “உங்க நகமே வீக் மேடம், கால்சியம் கம்மியா இருக்கும்” என்றார். நகம் பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். கால்சியம் அதில் மிகச் சொற்பம், நகத்தின் உறுதி அதில் இல்லை. சரி, பாட்டிலைக் காட்டுங்கள், எந்தச் சரக்கு என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றேன். அது தீர்ந்துபோய் வீசிவிட்டார்களாம். கடைசியில் சமாதானமாக என்ன கொடுத்தார் தெரியுமா? அடுத்த தடவை நெயில் ஆர்ட் இலவசம்! விரல் உரிந்து கிடக்கிறது, அதன் மேல் இலவசமாகப் பூப் போட்டுத் தருகிறாராம்.

தோல் மருத்துவர் பார்த்ததுமே ஜெல் போட்டீர்களா என்றுதான் கேட்டார். முதுகில் வெவ்வேறு ரசாயனங்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, பிறகு மறுபடியும் வரச் சொல்லிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தார். வந்த பதில், மெத்தாக்ரிலேட் ஒவ்வாமை. ஜெல் பாலிஷ்களில் சாதாரணமாக இருக்கும் ஹெமா, அதாவது ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாக்ரிலேட், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. முழுதாக இறுகிய ஜெல்லில் அது பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். இறுகாமல் நிற்பதும் தோலில் வழிவதும்தான் வம்பு. கையால் முகத்தைத் தொடுவோம் அல்லவா, அதனால் இமையிலும் கழுத்திலும்கூடத் தடிப்பு வரும். பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல், ஹெமா உள்ள நகப் பொருட்களைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம், ஒவ்வாமை வரலாம் என்று பாட்டிலில் அச்சிடவும் வேண்டும். வெளிச்சம் பட்டதும் ஜெல்லை இறுக வைக்கச் சேர்க்கும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே முழுக்கவே தடை செய்துவிட்டார்கள், சலூனில் மிச்சமிருந்த சரக்கைக்கூடப் பயன்படுத்த முடியாது. ஓரிடத்தில் தடையானது இன்னோரிடத்தில் மலிவு விலைக்கு இறங்குவது புதிதில்லை. லேபிள் கிழிந்த பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என்கூட வந்த அக்கா கதை வேறு. அவர் அக்ரிலிக் எக்ஸ்டென்ஷன், அதாவது நகத்தை நீட்டிக் காட்டும் செயற்கை நகம், வைத்துக்கொண்டார். மூக்கைத் துளைக்கும் வாடை, கல் போலக் கெட்டி. அசிட்டோனில் எவ்வளவு ஊற வைத்தும் அசையவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் எம்எம்ஏ என்ற மலிவான திரவமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள். பல் செட்டுக்கும் எலும்புச் சிமென்ட்டுக்கும் பயன்படும் சரக்கு அது. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்திலேயே நகம் சேதமானதாகவும் தோல் அழற்சி வந்ததாகவும் புகார்கள் வந்து, அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நல்ல சலூன்களில் இதற்குப் பதிலாக இஎம்ஏ என்ற திரவம் இருக்கும், விலை கூடுதல். எம்எம்ஏவில் இன்னொரு ஆபத்து, எங்காவது கை இடித்தால் செயற்கை நகம் உடையாது, அடியிலுள்ள சொந்த நகம் பெயர்ந்துகொண்டு வரும். அக்காவுக்கு ஒரு விரலில் அதுதான் நடந்தது. நகச்சுத்தி வந்து படாத பாடு பட்டார்.

ஜெல் என்று சொல்லிச் சாதாரண பாலிஷைப் போடுவதும் உண்டு. ‘ஜெல் லுக்’, ‘ஜெல் எஃபெக்ட்’ என்று எழுதியிருப்பது பல நேரம் பளபளப்பான சாதாரண பாலிஷ்தான். அது தப்பில்லை, ஜெல்லுக்கான காசு வாங்கினால்தான் தப்பு. லேம்ப்பையும் ஒரு சடங்குக்குக் காட்டுவார்கள். லேம்ப்புக்குள் போகும் முன்பே மேல்பரப்பு காய ஆரம்பித்தால், அல்லது பிறகு ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரே இழுப்பில் துடைத்து வந்துவிட்டால், அது ஜெல்லே இல்லை.

அடுத்து எங்கே போனாலும் உட்காரும் முன்பே பாட்டிலை வாங்கிப் பாருங்கள். லேபிள், தயாரிப்பின் பேட்ச் எண், திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் திறந்த டப்பா படம், எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். தோலில் வழிந்தால் லேம்ப்புக்கு முன்பே துடைக்கச் சொல்லுங்கள். எப்படிக் கழற்றுவீர்கள், அதற்குத் தனிக் காசா என்று போடும் முன்பே கேட்டுவிடுங்கள். அரத்தையும் பஃப்பரையும் புதிதாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இரும்புக் கருவிகளை வைக்கும் நீல விளக்குப் பெட்டியைக் காட்டி ‘ஸ்டெரிலைஸ் பண்ணிட்டோம்’ என்பார்கள், அது அழுத்த நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்கு ஈடாகாது.

என் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழுதாகப் பழைய தடிமனுக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம். ஒவ்வாமை அப்படி வளர்ந்து போகிற சமாச்சாரம் இல்லை, வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே இருக்கும். பல் அடைக்கும் பசையிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் சிமென்ட்டிலும் இதே குடும்பத்து ரசாயனங்கள் இருப்பதால், எங்கே சிகிச்சைக்குப் போனாலும் முதலிலேயே சொல்லிவிடும்படி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜெல் போட்ட பிறகு உங்களுக்கும் விரல் அரித்தால், அதன் மேலேயே இன்னொரு கோட் போட்டு மறைக்காமல், எடுத்த போட்டோவோடு தோல் மருத்துவரிடம் போங்கள். பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் புகார் கொடுக்க அது வேண்டும். என்னுடைய பில்லில் பாலிஷின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பச்சை’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.